ஒற்றைக்கண் கேப்டனின் ஏழு நாள் பயிற்சி

இந்த சீசனில் தகரத்தை விட்டு மேலே ஏறாமல் ஓய்வதில்லை என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சபதம் எடுத்தார். மேஜையைத் தட்டியே எடுத்தார்.

"ஏறுங்க," என்றாள் மனைவி. "அப்படியே பரண்ல இருக்கிற பெட்டியையும் இறக்கி வச்சிருங்க."

தகரம் என்பது கம்ப்யூட்டரில் அவர் ஆடும் கோட்டைச் சண்டையில் கடைசித் தகுதி. தகரம், செம்பு, வெள்ளி, தங்கம், வைரம். ஐந்து பேர் ஒரு டீமாகச் சேர்ந்து எதிரியின் கோட்டையைப் பிடிக்க வேண்டும். ரேங்க் ஆட்டத்தில் ஜெயித்தால்தான் தகுதி ஏறும். அவர் இரண்டு வருஷமாகத் தகரத்திலேயே துருப்பிடித்துக் கிடந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒன்றிலாவது முன்வரிசையில் நிற்க வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் மனைவிக்கு அதுவும் தெரியும். அவளுக்குத் தெரியாத எலும்பு ஒன்றுகூட அவர் உடம்பில் கிடையாது.

மறுநாள் திங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்து ஆட்டத்தைத் திறந்தார். ஒரு செய்தி காத்திருந்தது. அனுப்பியவர் பெயர் ஒற்றைக்கண். தகுதி வைரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கறுப்பு.

"ஞாயிறு நாலு மணிக்கு ரேங்க் ஆட்டம். நான் கேப்டன். என் டீமில் ஓர் இடம் காலி. ஏழு நாள் தயாரிப்பு. சொன்னதைச் செய்தால் பரிசீலிப்பேன்."

வைரம் தகரத்தைக் கூப்பிடுகிறது. "தயார்" என்று உடனே பதில் அனுப்பினார்.

அடுத்த செய்தி: "மவுஸ் பிடிக்கும் மணிக்கட்டு இறுகிப் போயிருக்கிறது. ஜன்னல் கண்ணாடியை வட்டம் வட்டமாகத் துடைக்கவும். நூறு வட்டம்."

துடைத்தார். தெருவில் ஈ காக்கை இல்லை. வெயில் அசையாமல் நின்றது. அறுபத்திரண்டாவது வட்டத்தில் தோள் வலித்தது. நூறு என்று எழுதி அனுப்பினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துத் துணியைக் கீழே வைத்தார்.

போன் ஒருமுறை அதிர்ந்தது.

"இன்னும் முப்பத்தெட்டு. மேல் இடது மூலையில் கறை."

அவர் மேல் இடது மூலையைப் பார்த்தார். கறை இருந்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பரணைப் பார்த்தபோது மனைவி சொன்ன பெட்டி அவரைப் பார்த்தது. மனைவிக்குப் போன் போட்டார்.

"நீ எங்க இருக்க?"

"எக்ஸ்ரே ரூம்ல. இருங்க, ஆள் படுத்திருக்காரு. மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."

அவரும் இழுத்துப் பிடித்தார்.

"ம், விடலாம். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. வீடு ரொம்ப அமைதியா இருக்கு."

"நீங்க மட்டும் இருந்தா அப்படித்தான் இருக்கும். வைக்கிறேன்."

அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர் வீட்டு ஜன்னலில் ஓர் உருவம் வட்டம் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தது. இவர் கையை எடுத்தார், அதுவும் எடுத்தது. தன் பிம்பம்தான் எதிர்க் கண்ணாடியில் தெரிகிறதோ என்று ஒரு கணம் பயந்துவிட்டார். அது எதிர் வீட்டுப் பல் டாக்டர். இரண்டு பேரும் சட்டென்று திரையை இழுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நரம்பு இளகுவதற்காக வெந்நீரில் கைவிட்டுப் பாத்திரம் கழுவினார். புதன்கிழமை எதிரியைச் சட்டென்று அடையாளம் காண்பதற்காக அறுபது காலுறைகளை ஜோடி சேர்த்தார். வியாழன், உயரத்திலிருந்து கோட்டையைப் பார்க்கும் பயிற்சி. பெட்டி பரணிலிருந்து இறங்கியது. ஒவ்வொரு நாளும் எங்கேயாவது அரைகுறையாக விட்டால் போன் அதிர்ந்தது. அதற்குள் நடக்கும்போது அவர் சுவரோரமாகவே நடக்கப் பழகியிருந்தார்.

வெள்ளிக்கிழமை கட்டளைதான் எல்லாவற்றிலும் விசித்திரம். "ஆட்டத்தில் ஏன் என்று கேட்பவன் செத்தான். எது சொன்னாலும் ஒரு நொடியில் 'சரி' என்க. வீட்டில் யாரிடமாவது பழகவும்."

வீட்டில் ஒரே ஆள்தான் இருந்தாள்.

"அடுத்த மாசம் எங்க அண்ணன் வர்றான்," என்றாள் மனைவி.

"சரி."

"ஒரு வாரம் தங்குவான்."

"சரி."

"உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"சரி."

மறுநாள் தெருமுனையில் பல் டாக்டர் எதிர்ப்பட்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் வெந்நீர்க் கொப்புளம்.

"டாக்டர், அன்னிக்கு ஜன்னல் துடைச்சீங்களே," என்று இழுத்தார் கடைக்காரர்.

"சரி."

"இல்ல, ஏன்னு கேட்டேன்."

டாக்டர் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏன்னு கேக்கக் கூடாது சார். அதுக்குத் தெரிஞ்சிரும்."

"எதுக்கு? ஒற்றைக்கண்ணுக்கா?"

"அது யாரு? என்னோட கேப்டன் பேரு வெள்ளெலும்பு."

இரண்டு போன்களும் ஒரே சமயத்தில் அதிர்ந்தன. இரண்டிலும் ஒரே வரி: "தெருவில் நின்று பேசுவது பயிற்சியில் இல்லை." ஆளுக்கொரு திசையில் நடந்தார்கள். டாக்டர் ஓடியே விட்டார்.

ஞாயிறு. நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கடைக்காரர் முகம் கழுவி, விரல்களை உதறி, கம்ப்யூட்டர் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வீடு பளபளவென்று இருந்தது. அறைக்கதவு தானாகத் திறப்பதுபோல மெல்லத் திறந்தது.

"எழுந்திருங்க."

"சரி." சொன்ன பிறகுதான் தான் நிற்பது அவருக்கே தெரிந்தது.

காலியான நாற்காலியில் மனைவி உட்கார்ந்தாள். பின்னாலேயே போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் பல் டாக்டரின் மனைவி, ஒரு கையில் லேப்டாப்பும் தோளில் முழநீளக் கேமராவுமாக வந்தாள்.

"மேல் இடது மூலை இப்ப சுத்தமா இருக்குண்ணே," என்றாள் அவள், ஒரு கண்ணை மூடி ஜன்னலைப் பார்த்தபடி.

அவர் ஜன்னலையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் ஒற்றைக்கண்ணா?"

"எங்க வீட்டு மாடியிலேர்ந்து உங்க அடுப்படி வரைக்கும் லென்ஸ்ல தெளிவாத் தெரியும்ணே."

"அப்ப வெள்ளெலும்பு?"

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "எக்ஸ்ரே எடுக்கிறவ வேற என்ன பேரு வச்சுக்குவா?"

"அன்னிக்கு நீ ஆஸ்பத்திரியில இருந்தியே. மூச்சைப் பிடிக்கச் சொன்னியே."

"இவங்க மாடியில இருந்தேன். நீங்க பிடிச்சதைப் பார்த்துட்டுத்தான் விடச் சொன்னேன். சொந்தப் பொண்டாட்டி சொன்னா நீங்க ரெண்டு பேரும் கேப்பீங்களா? யாருன்னே தெரியாத ஒருத்தர் சொன்னா உடனே செய்வீங்க. அதான் ஆளை மாத்திக்கிட்டோம்."

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் செய்ய ஒன்றுமில்லை.

"போகட்டும். ஏழு நாள் ஒண்ணு விடாம செஞ்சேன். காலியா இருக்கிற அந்த ஓர் இடம் எனக்குத்தானே?"

"போன சீசன்ல பேரை மாத்திக்கிட்டு உங்களோட பதினோரு ஆட்டம் ஆடிப் பார்த்தோம். பதினொண்ணும் தோத்தோம்."

"அப்ப அஞ்சாவது ஆள் யாரு?"

திரையில் இவர்கள் இருவர், முன்பே சேர்ந்திருந்த வேறு இருவர் பெயர்களுக்குக் கீழே ஐந்தாவது பெயர் ஒளிர்ந்தது: ஊசிமுனை. தகுதி தங்கம். பக்கத்து ஊரில் தையல் மெஷினோடு தனியாக இருக்கும், போனை எடுத்துப் பேசவே தெரியாது என்று சாதிக்கும் அவருடைய அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"ஏம்மா, அவன் இன்னும் அங்கேயேதான் நிக்கிறானா? அந்தப் பக்கம் போகச் சொல்லு, ஆட்டம் ஆரம்பிக்கப்போகுது."