பணியிடத்தைக் காணோம்

கணினித் திரை கறுத்திருந்தது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது.

சுகுணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருடம் வாசகசாலை நூலகராக இருந்தவருக்கு மௌனம் புதிதல்ல. ஆனால் இது ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிற ஆளின் மௌனம்.

"ஏதாவது தெரியுதா?" ஊருக்கு வாத்தியாரும் வாசகசாலைச் செயலாளருமான ஔசேப் மாஷ் பின்னால் வந்து நின்றார்.

"கறுப்பு தெரியுது மாஷே."

"அது இங்கேர்ந்தே தெரியுது."

வாசகசாலைக் கணினியில் இனித் திருட்டு நகல் ஓடாது, காசில்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளக்கூடிய சுதந்திர மென்பொருள்தான் என்று கமிட்டி மூன்று கூட்டம் கூடித் தீர்மானித்திருந்தது. காலையில் சுகுணனே அதை நிறுவினார். நிறுவும்போது எல்லாக் கேள்விகளையும் அது நல்ல மலையாளத்தில் கேட்டது. படங்களும் பொத்தான்களுமாக விரியும் முகப்புத் திரைக்குக்கூட 'பணியிடம்' என்று மலையாளப் பெயர் வைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்து கணினி மறுபடி எழுந்தபோது, மலையாளமும் போயிருந்தது, பணியிடமும் வரவில்லை.

மூன்று மணிக்குத் தாலுக்கா அலுவலகத்திலிருந்து ஜமீலா மேடம் ஆய்வுக்கு வருகிறார். ஒன்பதாயிரம் புத்தகங்களின் பட்டியல் திரையில் ஓடினால், முழுநேர நூலகர் பதவி நிற்கும். ஓடாவிட்டால் அரைநேரம்தான். சாயங்காலம் வந்து கதவைத் திறந்து மூட யாராவது ஒருவர் போதும், சுகுணன் தேவையில்லை. பட்டியல் இருந்த பென் டிரைவை அவர் சட்டைப் பையில் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பெயரைக் கேட்டது. அடித்தார். கடவுச்சொல் கேட்டது. அதையும் அடித்தார். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"கீபோர்டும் போச்சா?" என்றார் மாஷ்.

"இருங்க மாஷே, வெக்கப்படுது போல."

என்டரைத் தட்டினார்; உள்ளே விட்டுவிட்டது. சுகுணனின் பெயர் ஆங்கிலத்தில் வந்து, பக்கத்தில் ஒரு டாலர் குறி நின்றது.

"இலவசம்னு சொன்னீங்க. டாலர்ல கேக்குது!"

சுகுணன் 'உதவி' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தார். மடமடவென்று நாற்பது வரி கொட்டியது. ஒன்றும் புரியவில்லை; ஆனாலும் ஒவ்வொன்றையும் படித்தார். இவ்வளவும் இந்தக் கறுப்புக்குள் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

"சாரே, அந்தப் பெட்டியப் பத்தி ஒண்ணு சொல்லணும்," என்றாள் தரை துடைத்துக்கொண்டிருந்த பார்கவி சேச்சி.

"காலைத் தூக்கணுமா சேச்சி? இந்தா தூக்கியாச்சு," என்றார் மாஷ்.

கொச்சியில் கணினி வேலையில் இருக்கும் பினீஷ் ஒரு காலத்தில் இங்கே தினமும் வந்து படித்தவன். சுகுணன் அவனைப் போனில் பிடித்தார்.

"சுகுணேட்டா, பணியிடம் உள்ளேயே இல்ல. நிறுவும்போது எதெல்லாம் வேணும்னு ஒரு பட்டியல் கேட்டிருக்குமே, அதுல பணியிடத்துக்குப் பக்கத்துல இருந்த நட்சத்திரக் குறியை எடுத்துட்டீங்களா?"

"நான் ஏன் எடுக்கறேன்? அது தானா போட்டு வச்சிருந்ததைத் தொடவே இல்ல."

"தானா போகாது சேட்டா."

"போயிருக்கே!"

"சரி, விடுங்க. நெட்டுலேர்ந்து இறக்கிடலாம். ஒரு மணி நேரம் ஆகும்."

வாசகசாலையில் நெட் இல்லை. மாஷின் போனைக் கம்பியால் கணினியோடு கட்டினார்கள். அறுநூற்றுச் சொச்சம் உருப்படிகள் வரிசையாக இறங்கத் தொடங்கின. சுகுணன் ஒவ்வொன்றின் பெயரையும் வாய்க்குள் படித்தார். ஒன்று எழுத்துரு, ஒன்று சுட்டிக்கான அம்பு. ஓர் அம்புக்கு இத்தனை பேர் எங்கெங்கோ உட்கார்ந்து உழைத்திருக்கிறார்கள். நாற்பது விழுக்காடு ஆனது.

போன் அடித்தது.

"வீட்டுக்காரி, ரோசம்மா," என்று மாஷ் பயபக்தியோடு கம்பியைப் பிடுங்கிக்கொண்டு, வராந்தாவுக்கு நடந்தார்.

"மாஷே! கம்பி!"

"மீன் வாங்கணுமாம். ரெண்டே நிமிஷம்."

திரும்பி வந்தபோது திரை முழுக்க ஆங்கிலத்தில் திட்டு. பாதி வந்தவை மீதியைத் தேடி அலறின.

"என்ன சொல்லுது?"

"ஏதோ உடைஞ்சு கிடக்காம். முழுசாப் புரியல."

"காலையில மலையாளத்துல பேசுச்சுல்ல? மறுபடி பேசச் சொல்லுங்க. நம்ம ஊருல உக்காந்துட்டு என்ன இங்கிலீஷ்?"

அதில் நியாயம் இருப்பதாகச் சுகுணனுக்குப் பட்டது. மலையாளம் கேட்டால் அந்தக் கறுப்பு என்ன செய்யும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது. பினீஷைக் கேட்டு மொழியை மாற்றினார், அணைத்துப் போட்டார்.

இப்போது எழுத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னச் சதுரங்கள் வந்தன. வரி வரியாகச் சதுரங்கள்.

"சேட்டா, அந்தக் கறுப்புத் திரைக்கு மலையாள எழுத்து வராது. அதைச் சொல்றதுக்குள்ள நீங்க போனை வச்சுட்டீங்க," என்றான் பினீஷ்.

"இப்ப என்ன கேக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"இனி ஒரே வழிதான்," என்றான் பினீஷ். "முதல்லேர்ந்து நிறுவிடுங்க."

மணி இரண்டே முக்கால்.

"சாரே, நான் சொல்ல வந்தது…"

"சேச்சி, கொஞ்சம் சும்மா இருங்க. இங்க ஒரு குடும்பம் தெருவுக்கு வரப்போகுது," என்றார் மாஷ்.

வாசலில் ஜீப் நின்றது.

ஜமீலா மேடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. அலமாரிகளைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், கடைசியில் கணினி முன்னால் வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது என்ன?"

"சதுரங்கம் மேடம்," என்றார் மாஷ். "வாசகர்களுக்குப் பயிற்சி."

"பட்டியல்?"

சுகுணன் பென் டிரைவை நீட்டினார். "இதுக்குள்ள இருக்கு மேடம். ஒன்பதாயிரத்து நாற்பத்தாறு. ஒவ்வொண்ணும் என் கையால அடிச்சது. காட்டத்தான் இடம் இல்ல. பணியிடம் வரல."

மேடம் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பொய் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

"நம்பறேன். என் ஆபீஸ்லயும் இதே சுதந்திரம்தான். ஒரு நட்சத்திரம் விட்டுப்போனா இப்படித்தான் ஆகும்," என்றபடி நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். 'முழுநேர நூலகர் தேவையா?' என்ற வரிக்கு மேல் பேனா வந்து நின்றது. 'ஆம்' என்ற பக்கமாகச் சாய்ந்தது.

"ஆனா அந்த நட்சத்திரத்தை எடுத்தது யாருன்னு மட்டும் தெரிஞ்சுக்க ஆசை," என்றார் மேடம்.

பார்கவி சேச்சி துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தாள்.

"அதைத்தான் மேடம் காலையிலேர்ந்து சொல்ல வரேன். சார் சாயா குடிக்கப் போயிருந்தப்போ அந்தப் பெட்டி நல்ல மலையாளத்துல 'பணியிடம் வேணுமா?'ன்னு கேட்டுட்டு நின்னுச்சு. எனக்குப் பொய் சொல்ல மனசு வரல, இங்க யாரு பணி செய்யறா, வேண்டாம்னு பொத்தானைத் தட்டிட்டேன்."