தூங்க மறுத்த பதக்கம்

பதினோராம் நாள் காலையில் வென்-லுங் ஆய்வறைக்குள் நுழைந்தபோது பதக்கம் செத்துக் கிடந்தது. ஒரு வருடம் தாங்க வேண்டிய பேட்டரி.

பதக்கம் என்றால் கழுத்தில் தொங்குவதுதான், ஆனால் தங்கமில்லை. தனியாக வாழும் வயசாளிகள் மாட்டிக்கொள்வது. குளியலறையில் வழுக்கி விழுந்தால் அழுத்தக்கூட வேண்டாம், நடுங்கும் விரல் மேலே வந்து அமர்ந்தால் போதும். பதிந்திருக்கும் எண்ணுக்குத் தானே போன் போட்டு, பதிந்திருக்கும் குரலில் உதவி கேட்கும். எதிர்முனையில் யாராவது ‘வருகிறேன்’ என்று பொத்தானை அமுக்கிச் சொல்லும்வரை மறுபடி மறுபடி கூப்பிடும். மற்ற நேரமெல்லாம் தூங்க வேண்டும்.

அதைத் தூங்கவைக்கும் சில்லுதான் வென்-லுங்கின் ஆறு வருட உழைப்பு. எந்தப் பகுதிக்கு எப்போது மின்சாரம், எப்போது பட்டினி என்று தீர்மானிக்கும், அரிசி மணியில் பாதியளவே உள்ள சில்லு. சில்லு தூங்கக் கற்றுக்கொண்டது, இவர் மறந்துவிட்டார் என்று அவன் மனைவி எங்கள் குடியிருப்பின் மின்தூக்கியில் வைத்தே சொல்லியிருக்கிறாள். நாங்கள் யாரும் கேட்காமலேயே.

“பதினோரு நாளா?” என்றார் மேலாளர் தூ. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார். “பதினோரு நாளைக்குள்ள விழுந்துக்கோங்கன்னு பாட்டிங்க கிட்ட சொல்லிடலாமா?”

“எங்கேயோ கசியுது சார். கண்டுபிடிச்சிடுறேன்.”

“வருஷக் கடைசி விருந்துக்கு முன்னாடி கண்டுபிடி. இந்த வருஷம் நம்ம பிரிவுல ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பணும்னு மேல சொல்லியிருக்காங்க. சில்லு தேறினா வேற யாரோ. தேறலைன்னா...” கோழித் துண்டைக் கடித்தார்.

எங்கள் தீவின் சின்ஜு நகரத்துக் கம்பெனிகளில் வருடக் கடைசி விருந்துக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. முழுக்கோழியின் தலை யாரைப் பார்த்து வைக்கப்படுகிறதோ, அவருக்கு வேலை போயிற்று என்று அர்த்தம். நாலைந்து வருடமாகத் தலையில்லாத கோழிதான் வந்துகொண்டிருந்தது. இந்த வருடம் தலையோடு கோழிக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஆய்வறையைத் துடைக்கும் பாவ்-ஜூ அக்கா சமையலறையிலிருந்து செய்தி கொண்டுவந்தாள்.

அவள்தான் காரணத்தையும் கண்டுபிடித்தாள்.

“இதைப் பாரு தம்பி! பதக்கத்து மேல வச்ச பொட்டலம் காலாவதியாகி ரெண்டு நாள் ஆச்சு. அப்புறம் எப்படி மிஷின் சொன்ன பேச்சு கேக்கும்?”

இந்தத் தீவில் எந்த இயந்திரமும் பச்சைப் பொட்டலம் இல்லாமல் ஓடாது. சோளப்பொரி மாதிரி ஒரு தின்பண்டம். அதன் பெயருக்கே ‘சமர்த்து’ என்றுதான் பொருள். பச்சை உறைதான் வேண்டும், சிவப்பு உதவாது. பிரிக்கக் கூடாது, தின்னக் கூடாது, தேதி தாண்டக் கூடாது. மருத்துவமனைக் கருவியிலிருந்து பணம் தரும் இயந்திரம்வரை எல்லாவற்றின் தலையிலும் ஒன்று உட்கார்ந்திருக்கும். முனைவர் பட்டம் வாங்கினவர்கள்தான் இதில் ரொம்பக் கண்டிப்பு.

வென்-லுங் கீழே போய்ப் புதுப் பொட்டலம் வாங்கிவந்தான், இருப்பதிலேயே பெரிதாக. உறையின் ஓரத்தில் வெள்ளித்தாள் மினுங்க, காற்றடைத்து, கொழுகொழுவென்று இருந்தது. புது பேட்டரி போட்ட பதக்கத்தை மேசையில் வைத்து, அதன்மேல் பொட்டலத்தைப் படுக்கவைத்துக் கும்பிட்டான்.

எட்டாம் நாள் பதக்கம் செத்தது.

வெளியே போகும்போது வாசல் காவல் மேசையில் பெங் மாமா போனை முறைத்துக்கொண்டிருந்தார்.

“திருட்டுப் பசங்க தம்பி. நாள் முழுக்க அடிக்கிறானுங்க. என்கிட்டயா? போலீஸ்காரங்க கோயில் மண்டபத்துல மோசடிப் போன் பத்தி வகுப்பு எடுத்தாங்க, நான் முதல் வரிசை. கேள்விக்குப் பதில் சொன்னதுக்குத் துண்டு குடுத்தாங்க.” கழுத்தில் கிடந்த துண்டைத் தூக்கிக் காட்டினார்.

“எடுக்காதீங்க மாமா,” என்றான் வென்-லுங் அரை மனதாக.

“எடுக்கிறதா? வச்ச வேகத்துல திரும்ப அடிக்கிறான். அவனுக்கும் வெக்கமில்ல, எனக்கும் வேலையில்ல.”

மறுநாள் அளவைக் கருவியை இழுத்துவந்து, பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, பதக்கத்தில் முனைகளைப் பொருத்தினான். நாள் முழுக்கப் பார்த்தான். பதக்கம் குழந்தை மாதிரித் தூங்கியது. கசிவே இல்லை. சில்லு அவன் கனவு கண்டதைவிட நன்றாகவே வேலை செய்தது. கருவியைக் கழற்றி, புது பேட்டரி போட்டு, பொட்டலத்தைப் பயபக்தியோடு திரும்ப மேலே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் பார்த்தால் பேட்டரி பத்தில் ஒரு பங்கு காலி.

“நான் பாக்கும்போது சமர்த்தா இருக்கு சார். முதுகைத் திருப்பினா குடிக்குது.”

“என் மச்சான் மாதிரி,” என்றார் மேலாளர். “இன்னொண்ணு. கிழவங்க கை வறண்டிருக்கும், தொட்டா தெரியலைன்னு பதக்கத்தை வாங்கப்போற ஒசாகாக்காரங்க புகார். தொடுறதைக் கண்டுபிடிக்கிற திறனை ரெண்டு மடங்காக்கு.”

ஆக்கினான். இப்போது கையுறை போட்ட விரலுக்கும் பதக்கம் பதில் சொன்னது. பேட்டரி ஐந்து நாளில் செத்தது.

“ஒரு பொட்டலம் பத்தாது தம்பி,” என்றாள் பாவ்-ஜூ அக்கா. “அதுக்கு உன்மேல கோவம். நீ அதைத் திட்டினியா?”

“திட்டலக்கா.”

“மனசுக்குள்ள?”

மூன்று பொட்டலங்கள் வாங்கினான். சுற்றிலும் அணைத்தாற்போல இரண்டு, மேலே ஒன்று. பக்கத்தில் இரண்டு ஆரஞ்சுப் பழம். பதக்கம் வெளியே தெரியவே இல்லை. மூன்றே நாளில் செத்தது.

ஒசாகாக்காரர்களுக்கு அறிக்கை போயாக வேண்டும். ‘சில்லின் வடிவமைப்பிலேயே குறை, காரணம் அறிய இயலவில்லை’ என்று ஒரு தாள் தயாரானது. தன் குழந்தைக்குத் தானே இறப்புச் சான்றிதழ் எழுதுகிறவன் மாதிரி வென்-லுங் கையெழுத்துப் போட்டான். ஒப்புக்கு இன்னொரு பேட்டரி போட்டுக் கடைசிச் சோதனையையும் தொடங்கி வைத்தார்கள்.

விருந்து மத்தியானம் நடந்தது. கோழி வந்தது. சுழலும் மேசையை மேலாளர் தூ தன் கையாலேயே மெல்லச் சுழற்றினார். இப்படிப் போயிற்று, அப்படிப் போயிற்று, ஒன்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கோழி வென்-லுங்குக்கு எதிரே நின்று, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, அவனைப் பரிதாபமாகப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவன் அவன் கிண்ணத்தில் ஒரு இறைச்சி உருண்டையைப் போட்டான். மாமியாருக்கு எப்படிச் சொல்வது என்று அவன் யோசித்தான். ‘மாப்பிள்ளை சில்லு செய்கிறவர்’ என்று அந்த அம்மாள் மீன்காரியிடம்கூடச் சொல்லி வைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அட்டைப்பெட்டியோடு ஆய்வறைக்குப் போனான். ஆறு வருடம் பெட்டியில் கால்வாசிதான் வந்தது.

“பொட்டலத்தையும் எடுத்துட்டுப் போயிடு தம்பி,” என்றாள் பாவ்-ஜூ அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. “வேலை போனவன் வச்ச பொட்டலம் மிஷின் மேல இருக்கக் கூடாது. தப்பா நினைக்காத.”

மூன்றையும் எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டான். பதக்கத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் பெங் மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தேநீர்க் குவளையோடு மலர்ந்து உட்கார்ந்திருந்தார். வென்-லுங் அடையாள அட்டையை மேசையில் வைத்தான். பிறகு, இனிமேல் என்ன கெட்டுவிடப் போகிறது என்று ஒரு பொட்டலத்தைக் கிழித்து அவர் பக்கம் நீட்டினான்.

“எடுத்துக்கோங்க மாமா. நாம நின்னு பேச இனிமே வாய்க்காது.”

“அடப் பாவமே. உங்களையா அனுப்பிட்டாங்க?” பெங் மாமா ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். இருவரும் சற்று நேரம் மென்றார்கள். சோகத்திலும் அது ருசியாகத்தான் இருந்தது.

“அந்தப் பதக்கத்துல ஒரு எண் போட்டாகணும்னு இந்த மேசையோட எண்ணைத்தான் போட்டேன்,” என்றான் வென்-லுங், எதையாவது சொல்ல வேண்டுமே என்று. “எப்பவும் ஆள் இருக்கிற இடம் இது ஒண்ணுதானே. தூங்குறதுக்கு வச்ச சோதனைதானே, எங்க கூப்பிடப் போகுதுன்னு உங்ககிட்ட சொல்லக்கூட இல்ல. குரலுக்கும் ஆள் தேடல, நானே பேசிட்டேன். அவ்வளவு நம்பிக்கை.”

பெங் மாமாவுக்கு இதிலெல்லாம் மனம் ஒட்டவில்லை. போனைச் செல்லமாகத் தட்டினார்.

“எனக்கு இன்னிக்கு நல்ல நாள் தம்பி. அந்தத் திருட்டுப் பய ஒழிஞ்சான், பத்து நிமிஷமா சத்தமே இல்ல. இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல யாரு குரலை வேணும்னாலும் செஞ்சிடுறானுங்களாமே? ஒரு தடவை எடுத்துக் கேட்டேன், அப்படியே அச்சு அசல் உங்க குரல். ‘நான் விழுந்துட்டேன், யாராவது வாங்க, நான் விழுந்துட்டேன், யாராவது வாங்க’ன்னு ஒரே அழுகை. நானா ஏமாறுவேன்?”