ஜெர்மன்காரன் கடியாரம்

ஒரகடம் வட்டாரத்துக்கே நேரத்தைத் தன் கையில் பிடித்து வைத்திருப்பதாக ஜீவானந்தத்துக்கு ஒரு நினைப்பு. கார் உதிரிபாகக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு. முதலாளி ஜெர்மன்காரன். அந்த ஊரில் மார்ச் கடைசி ஞாயிறன்று எல்லாக் கடியாரங்களையும் ஒரு மணி நேரம் நகர்த்திவிடுவார்கள். அப்போது லாரி புறப்படும் நேரத்தைக் கம்பெனி சிஸ்டம் உளறாமல் சொல்கிறதா என்று சோதிப்பது இவன் பொறுப்பு. சோதித்தான். சிஸ்டம் உளறவில்லை. இவன்தான் உளறினான், அதுவும் வீட்டுக்கு வந்து.

மனைவி செங்கமலத்துக்கு வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலை. சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் பழகும் சாயங்கால வகுப்பில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டாள். அந்த நேரத்தில் குழந்தை தென்றலை இவன் பார்த்துக்கொள்ள வேண்டும். இவனுக்கோ டீக்கடைக்குப் பின்னால் கேரம் போர்டு காத்திருந்தது. 'கூடாது' என்று சொல்லத் தைரியமில்லை. ஜெர்மனியைத் துணைக்கு இழுத்தான்.

"கமலம், நாளைலேர்ந்து நான் ஒரு மணி நேரம் லேட்டாத்தான் வருவேன்."

"இன்னாத்துக்கு?"

"தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்க அப்ப மதியானம், ஜெர்மன்காரங்களோட பேசறேன்ல? அங்க டைமை மாத்திட்டாங்க. அதெல்லாம் உனக்குப் புரியாது."

"புரியலன்னா வுட்டுடறேன். சொல்லு."

சுவர்க் கடியாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் தோரணையில் உட்கார்ந்தான். முள்ளைத் திருகினான். "ராத்திரி மணி ரெண்டானதும், மூணுன்னு வெச்சுடுவான்."

"அப்ப சீக்கிரமா எழுந்துக்கணுமே?"

"ஆமா, பாவம். ஒரு மணி நேரம் முன்னாடியே."

"ஆபீசுக்கும் முன்னாடியே வந்துடுவானா?"

"வந்துதானே ஆவணும்!"

"மதியானச் சோறு?"

"அதுவும் முன்னாடிதான்."

"துன்னுட்டு உன்னாண்ட பேசறது மட்டும் எப்டியா பின்னாடி போவும்?"

ஜீவானந்தம் முள்ளைப் பழையபடி பின்னால் திருகினான்.

"ஆறு மணிக்குப் பேசறவன் இனிமே அஞ்சுக்கே பேசுவான். நீயும் ஒரு மணி நேரம் முன்னாடியே வூட்டுக்கு வந்துடலாம். இன்னாயா இது? சிஸ்டம் பாஸு, டெஸ்ட் பண்ண ஆளு ஃபெயிலா?"

மறுநாள் சாயங்காலம் கேரம் போர்டைச் சுற்றி மற்ற மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜீவானந்தம் வீட்டில் தென்றலை முதுகில் சுமந்துகொண்டு நாலு காலில் கூடத்தைச் சுற்றினான். "இன்னும் ஒசரமா தூக்குப்பா" என்று மகள் அவன் காதைத் திருகினாள். செங்கமலம் தலைமுடியை முடிந்துகொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள்.

கடைசி நம்பிக்கையைத் தரையிலிருந்தே வீசினான். "அக்டோபர்ல அவன் கடியாரத்தைப் பழையபடி திருப்பி வெப்பான், தெரியும்ல? அப்ப நான் லேட்டாத்தான் வருவேன்!"

"வந்துக்கோ. அதுக்குள்ள நான் லைசென்ஸ் வாங்கி நைட் ஷிஃப்ட்டுக்குப் போயிடுவேன்" என்று செருப்பை மாட்டினாள். "எப்ப வந்தாலும் சோறு நீதான் ஆக்கணும்."