நாலு விரல் விறகு

வியாழக்கிழமை காலையில் மிலாதின் கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தபோது, வெடிமருந்து வைத்த கட்டை அதன் இடத்தில் இல்லை.

மேல் வரிசையில் வலது கோடியிலிருந்து மூன்றாவது கட்டை. மூன்று வாரமாக அங்கேதான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஏதோ ஒரு கோணல் கட்டை உட்கார்ந்திருந்தது. அடுக்கே வேறு மாதிரி இருந்தது.

"பெர்சிதா, இந்த விறகை யார் தொட்டது?"

சமையலறை ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. "நேத்து நீ மாத்திரை வாங்க டவுனுக்குப் போனியே, அப்போ நானும் பக்கத்து வீட்டு ரோக்சாண்டாவும் பிரிச்சு அடுக்கினோம். மெல்லிசு எல்லாம் வாசப்படி கிட்ட, தடிசு எல்லாம் சுவர் ஓரமா. குழந்தை வர்ற வீடு. பார்க்க லட்சணமா இருக்க வேண்டாமா?"

"மொத்தத்தையுமா?"

"ஆறு கன மீட்டர் விறகுய்யா. இடுப்பு ஒடிஞ்சு போச்சு. நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வராதே."

மிலாதினுக்கு வாய் வரவில்லைதான். மேல் வரிசைக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.

சனிக்கிழமை மகள் விதா வருகிறாள். பிரசவம் ஆகி நாற்பது நாள் கழிந்து, குழந்தையை முதல் தடவையாக வாசல் தாண்டித் தூக்கிக்கொண்டு வருகிறாள். தாத்தா இன்னும் பேத்தியைப் பார்க்கவில்லை. போட்டோவில் பார்த்ததோடு சரி. போனில் விதா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். "அப்பா, வீடு சூடா இருந்தா ஒரு வாரம் தங்குவோம். போன வருஷம் மாதிரி இருந்துச்சுன்னா, காரை விட்டு இறங்க மாட்டேன். நேரா மாமியார் வீட்டுக்குப் போயிடுவேன்."

போன வருஷத்தை நினைத்தாலே மிலாதினுக்கு அவமானமாக இருக்கும். பெல்கிரேடில் முப்பத்தோரு வருஷம் ட்ராம் ஓட்டியவர் அவர். அங்கே அடுக்குமாடி வீட்டில் அக்டோபர் பிறந்தால் குழாயில் வெந்நீர் தானாக வந்து அறை சூடாகும். ஏப்ரலில் தானாக நின்றுவிடும். விறகு என்றால் என்ன என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஓய்வு பெற்று, பெர்சிதாவின் மாமா விட்டுப்போன இந்த மலையடி வீட்டுக்கு வந்த முதல் வருஷம், நவம்பரில் சாலையோர லாரியில் விறகு வாங்கினார். ஈரம் போகாத அந்த விறகு அடுப்பில் அழுதது. புத்தாண்டுக்கு வந்த மகள் ஓவர்கோட்டோடு தூங்கி, ஓவர்கோட்டோடு எழுந்து, ஓவர்கோட்டோடேயே ஊர் திரும்பினாள்.

பட்டால்தானே புத்தி வரும். இந்த வருஷம் ஏப்ரலிலேயே மலை மேலிருந்து பீச் என்கிற காட்டு மரம் இறக்கினார். ரம்பம் பூட்டிய டிராக்டர்க்காரனை வரவழைத்து அறுத்தார், கோடாலியால் தானே பிளந்தார், தெற்குச் சுவரை ஒட்டி நூல் பிடித்த மாதிரி அடுக்கினார். அடுக்கின் உச்சிக்கு நேராகச் சுவரில் ஓர் ஆணியும் அடித்தார். ஒரு கட்டை குறைந்தாலும் தெரிய வேண்டும் அல்லவா? அதிலிருந்து ஒரு சிராய்கூட எடுத்து எரிக்கவில்லை. பேத்தி வரும்வரை போன வருஷத்து மிச்சம் மீதியைப் போட்டு இருமிக்கொண்டு சமாளித்தார்.

அக்டோபரில் ஒருநாள் பார்த்தால், அடுக்கு ஆணியைவிட இரண்டு விரல் கீழே. நவம்பரில் நாலு விரல்.

மிலாதினுக்கு ரத்தம் கொதித்தது. திருடன் சாதாரணத் திருடன் இல்லை. ஒரு மூலையில் எடுத்தால் பள்ளம் தெரியும் என்று, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மட்டமாக எடுத்திருக்கிறான். இவ்வளவு நேர்த்தியாகத் திருட, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனால்தான் முடியும். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது ரோக்சாண்டாவின் புருஷன் ஓப்ராத். நல்ல மனுஷன்போல எப்போது பார்த்தாலும் சிரிப்பார். அதுவே மிலாதினுக்குச் சந்தேகமாக இருந்தது.

காபிக்கடைப் பெருசுகள் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். கட்டையில் துளை போட்டு, வேட்டைத் துப்பாக்கி மருந்தை ஒரு கரண்டி கொட்டி, அடைத்து, அடுக்கில் வைத்துவிட வேண்டும். அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். எந்த வீட்டு அடுப்பு குதிக்கிறதோ, அவன்தான் கள்ளன். இதை ஊர்க்கதைபோல மனைவியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அப்படிச் செய்கிற முட்டாளோடு ஒரு நாள்கூடக் குடித்தனம் நடத்த மாட்டேன் என்று அவள் அன்றே சொல்லிவிட்டாள்.

ஆகவே அவளுக்குத் தெரியாமல் செய்தார். பரணில் மாமாவின் பழைய தோட்டாக்கள் இருந்தன. கட்டையில் துளை போட்டு மருந்து கொட்டி, அதே மரத்தில் ஆப்பு செதுக்கி அடைத்து, மேலே பசையும் மரத்தூளும் குழைத்துப் பூசினார். திருடனின் அப்பனே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாத வேலை. அடையாளத்துக்குப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. மூன்று வாரத் தூறலில் அந்தக் கோடு போயே போய்விட்டது. இப்போது செய்தவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

வேறு வழியில்லாமல் அடுக்கைக் கலைத்தார். வியாழன் முழுக்கவும் வெள்ளி காலையும், ஆறு கன மீட்டர் விறகையும் முற்றத்தில் பரப்பி, ஒவ்வொரு கட்டையாகச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். துளை இருந்தால் சத்தம் மாறும் என்று கணக்கு. எல்லாக் கட்டையும் ஒரே மாதிரிதான் பேசியது.

"கஷ்டப்பட்டு அடுக்கினதை ஏன்யா இழுத்துப் போட்டிருக்கே?" என்றாள் பெர்சிதா.

"காய்ஞ்சிருக்கான்னு பார்க்கிறேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு ஈரமா இருந்தாலும் குழந்தைக்கு ஆகாது."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வேலிக்கு மேலே ஓப்ராத்தின் தலை வந்தது. யாரும் கூப்பிடாமலேயே அவர் வேலி தாண்டி வந்து, இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று மோதிப் பார்த்தார். மணிபோலக் கணீரென்று கேட்டது.

"அண்ணே, இந்த ஊர்லயே இதுமாதிரி காய்ஞ்ச விறகு கிடையாது," என்றார். "போன வருஷம் உங்களைக் கேலி பண்ணினேன். இப்போ கையெடுத்துக் கும்பிடறேன்."

திருடின பண்டத்தின் தரத்தைத் திருடனே மெச்சுகிறான் என்று மிலாதின் பல்லைக் கடித்துக்கொண்டார். வாயைத் திறந்து கேட்க முடியுமா? திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல என்பார்கள். இங்கே பறிகொடுத்தவனுக்கு அல்லவா கொட்டியிருக்கிறது.

வெள்ளி மத்தியானம் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த விறகு இனி வேண்டாம். யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றால் மனசாட்சி கேட்கவில்லை. வெடியைத் தானம் கொடுத்த பாவம் எதற்கு? அது கிடந்துவிட்டுப் போகட்டும். புது விறகு வாங்கிவிடலாம் என்று காரை எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனார்.

டிசம்பரில் காய்ந்த விறகு விற்கிறவன் இருந்தால், அவன் லாரியில் வர மாட்டான். சொர்க்கத்திலிருந்துதான் இறங்க வேண்டும். லாரியில் இருந்தவன் போன வருஷத்து அதே ஆள். "எலும்பு மாதிரி காய்ஞ்சது மாமா," என்று போன வருஷம் சொன்ன அதே வார்த்தையைச் சொன்னான். மிலாதினுக்கு அது பொய் என்று தெரியும். தெரிந்தே ஏற்றிக்கொண்டார். மனுஷன் அந்த நிலைக்கு வந்துவிட்டார், பாவம்.

அவர் திரும்பி வருவதற்குள் மழையும் பனியும் கலந்து கொட்டித் தீர்த்திருந்தது. முற்றத்தில் பரப்பி வைத்த பீச் விறகெல்லாம் நனைந்து கிடந்தது. ஓப்ராத் ஓடி வந்ததாகவும், முடிந்த மட்டும் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போய்க் காப்பாற்றியதாகவும் பெர்சிதா அழாத குறையாகச் சொன்னாள். மிலாதின் அதைக் காதில் வாங்கவில்லை. டிக்கியிலிருந்து பச்சை விறகை இறக்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை பச்சை விறகு தன் வேலையைக் காட்டியது. சீறியது, நுரை தள்ளியது, புகைந்தது. எரியத்தான் இல்லை. புகை போக பெர்சிதா எல்லா ஜன்னலையும் திறந்தாள். இருந்த கொஞ்சச் சூடும் அந்த வழியாகப் போனது.

பதினோரு மணிக்குக் கார் வந்து நின்றது. விதா குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வாசல்படியில் ஒரு கால் வைத்தாள், மூச்சை இழுத்தாள், காலை எடுத்துவிட்டாள்.

"அப்பா, வெளியே இதைவிடச் சூடா இருக்கு."

மாப்பிள்ளை தலிபோர் நல்ல பையன். மாமனாரைச் சங்கடப்படுத்தாமல் முற்றத்துக்குப் போய், அடியில் நனையாமல் கிடந்த பீச் கட்டைகளைப் பொறுக்கினான். மிலாதின் ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு விறகுக்கும் அவனுக்கும் நடுவே நின்றார்.

"இது வேண்டாம் மாப்பிள்ளை."

"ஏன் மாமா?"

"இது வேண்டாம். அவ்வளவுதான்."

"உன் சவப்பெட்டிக்குன்னு எடுத்து வச்சிருக்கியா?" என்று பெர்சிதா வாசலிலிருந்து கேட்டாள். அவள் குரல் உடைந்திருந்தது. "எட்டு மாசமா எதுக்குய்யா காத்துக்கிட்டு இருந்தே? பேத்தி வாசல்ல நிக்கிறா. பாக்கிறியா, இல்லையா?"

மிலாதின் பார்த்தார். கம்பளிக்குள் ஒரு சின்ன மூக்கு, குளிரில் சிவந்து தெரிந்தது. அவ்வளவுதான் அவர் பார்த்தது. விதா காரை நோக்கித் திரும்பிவிட்டாள். அவருக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல இருந்தது.

அப்போதுதான் ஓப்ராத் வேலியோரம் வந்தார். அடுப்பு அனலாக எரிகிறது, குழந்தையை முதலில் உள்ளே கொண்டு வாங்க, மற்ற நியாயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எல்லோரையும் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். திருடன் வீட்டுச் சூட்டில் பேத்தியின் முகம் பார்க்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்? மிலாதினும் பின்னாலேயே போனார்.

அந்த வீடு சூடாக இருந்தது. விதா உள்ளறையில் கோட்டைக் கழற்றிவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்து, தூங்கவும் வைத்துவிட்டாள். மற்றவர்கள் சமையலறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரும்பு அடுப்பின் மேல் பீன்ஸ் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஓப்ராத் பிளம் சாராயம் ஊற்றினார். இங்கேயே ஒரு வாரம் இருந்துவிடுகிறேன் என்று விதா உள்ளே இருந்து சொன்னாள். மிலாதினுக்கு அதுவே போதும். வேலி தாண்டி வந்தாவது தினமும் பார்க்கலாமே.

"சூடு எப்படி இருக்கு அண்ணே?" என்றார் ஓப்ராத். "யார் விறகுன்னு நெனைக்கிறீங்க? உங்க விறகுதான்."

மிலாதினுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. தன் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டான்.

"நேத்து மழையில ரெண்டு வண்டி அள்ளிக்கிட்டு வந்தேன்ல. ராத்திரி பூரா அடுப்பைச் சுத்தி வச்சுக் காய வச்சேன். சாயங்காலம் உங்க வீட்டுல கொண்டாந்து போடலாம்னு இருந்தேன், குழந்தைக்காக."

அப்போதுதான் மிலாதின் அடுப்புப் பக்கம் திரும்பினார். ரோக்சாண்டா ஒரு தடித்த கட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ரோக்சாண்டா, அதைப் போடாதே."

"எதை?" என்று கேட்டபடியே அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, குழம்புக்கு உப்பு எடுக்க மேஜைப் பக்கம் வந்தாள். அவள் செய்த புண்ணியம்.

அடுப்பு குதித்தது. அதை மூடியிருந்த இரும்பு வளையங்கள் கூரையைத் தொட்டுவிட்டு வந்தன. பீன்ஸ் பானை விளக்கில் மாட்டிக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி மொத்தமும் தோட்டத்துக்குப் போய்விட்டது. சாம்பல் அடங்கியதும் மேஜையைச் சுற்றி ஐந்து கறுப்பு முகங்கள் தெரிந்தன. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே குழந்தை வீறிட்டது. உடைந்த ஜன்னல் வழியாகப் பனி உள்ளே விழத் தொடங்கியது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? மிலாதின் எல்லாவற்றையும் சொன்னார். மருந்து, ஆப்பு, பென்சில் கோடு, ஒன்றையும் விடவில்லை. பெர்சிதா கணவனைப் பார்க்கவே இல்லை. விதா கோட்டை மாட்டிக்கொண்டு, அழும் குழந்தையோடு கதவருகே வந்து நின்றாள்.

ஓப்ராத் மெதுவாகக் கேட்டார். "என்னைத் திருடன்னா நெனைச்சீங்க?"

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார் மிலாதின். "ஏப்ரல்ல பச்சையா அடுக்கினப்போ ஆணி மட்டத்துக்கு இருந்துச்சு. ஒரு கட்டைகூட நான் எரிக்கலை. நவம்பர்ல நாலு விரல் இறங்கியிருக்கு. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும், ஒரே மட்டமா."

ரோக்சாண்டா தலைமுடியிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

"எங்க அடுக்கும்தான் நாலு விரல் இறங்கியிருக்கு," என்றாள். "விறகு காய்ஞ்சா சுருங்காதா அண்ணே?"