காவலுக்குத் தனிக் கடிகாரம் எதற்கு?

பெங்களூரில் பை-டூக்காரர் என்று ஒரு இனம் உண்டு. 'பை-டூ' என்று ஒரு காபி வாங்கி இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்பது ஊருக்கே பொதுவான வழக்கம், அதில் குற்றமில்லை. பை-டூக்காரர் காபியோடு நிற்கமாட்டார். இரண்டு மேஜைக்கு ஒரே மின்விசிறி, அது இருவரையும் விட்டுவிட்டு நடுச்சுவருக்குக் காற்று வீசும், இரண்டு பண்டிகைக்கு ஒரே விடுமுறை, கேட்டால், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க!" யார்தான் பண்ணிக்கொள்ளவில்லை?

பீண்யாவில் பட்டறை வைத்திருக்கும் நாகபூஷணர் இந்த இனத்தின் மாணிக்கம். ஓட்டல்களில் இட்லி வேகவைக்கும் மின்சார பாய்லருக்கு அவர் ஒரு கருவி செய்தார். உள்ளே இரண்டு சிப். ஒன்று சூட்டை ஏற்றி இறக்கும். மற்றது காவல், முதலாவது நின்றுபோனால் உடனே மின்சாரத்தை வெட்டவேண்டும். சிப் ஓட வேண்டுமானால், துடித்துத் துடித்து அதற்கு நேரம் சொல்ல ஒரு கிரிஸ்டல் வேண்டும். அவரைக்கொட்டை அளவுதான் இருக்கும். ஆனாலும் சிப்புக்கு ஒன்றாக இரண்டு வாங்கவேண்டும் என்பது அவர் கண்ணை உறுத்தியது.

"ஒரே வீட்டுல ரெண்டு கடிகாரம் எதுக்கும்மா? முதல் சிப்போட கிரிஸ்டல்லேர்ந்தே காவலுக்கும் ஒரு கம்பி இழுத்துடு."

"அது நின்னா இதுவும் நின்னுடும் சார்," என்றாள் இன்ஜினியர் பிரமிளா.

"அபசகுனமா பேசாதே. அது ஏன் நிக்கப்போகுது?"

ஊரெல்லாம் ஓட்டல் நடத்தும் சென்னபசப்பா கருவியைப் பார்க்க வந்தார். அவர் ஆர்டர் கிடைத்தால்தான் பட்டறை பிழைக்கும். பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. நாகபூஷணர் பெருமையாக இடுக்கியை எடுத்து, "முதல் சிப்பை நிறுத்தறேன், நம்ம காவலைப் பாருங்க சாமி," என்று கிரிஸ்டலின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தார்.

சிப் நின்றது. காவலும் நின்றது. சூடு மட்டும் நிற்கவில்லை.

பாய்லர் மீட்டரின் முள் ஏறியது, நாகபூஷணரின் சிரிப்பு இறங்கியது, வால்வு வீறிட்டு அலற, பிரமிளா பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்தாள்.

"காவல்காரன் எங்க சாமி?" என்றார் சென்னபசப்பா.

"அவனும்... கூடவே தூங்கிட்டான்."

"எங்க ஓட்டல்ல பாய்லர் பக்கத்துல நிக்கறது என் தங்கச்சி மகன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் ஓட்டலில் நாகபூஷணர் முதல்முறையாக, "ரெண்டு ஃபுல் காபி," என்றார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்குமுன் ஒன்று. சாவி தொலைந்தால் உதவட்டும் என்று உங்கள் வீட்டுக்கு மாற்றுச்சாவி ஒன்று வைத்திருப்பீர்களே, அது எங்கே இருக்கிறது? கொஞ்சம் அந்தச் சாவிக்கொத்தை எடுத்துப் பாருங்கள்.