பாகற்காய்ப் பெட்டிக்குள் வந்த நத்தை

மதிப்பும் மாண்பும் பொருந்திய மருமகள் சுபாங்கிக்கு, பாரிஸ் லா சப்பலில் மரக்கறிப் பெட்டிகளை அரசாளும் உன் மாமன் குலசேகரம் எழுதிக்கொள்வது. இஞ்சை நான், மாமி, என் முழங்கால் வலி மூவரும் சுகம். லண்டனில் நீயும் உன் ஆராய்ச்சிக் கடிதக்கட்டுகளும் சுகமாயிருக்க வேண்டும்.

பிள்ளை, இப்போது சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டினம். இது சத்தியம்.

விக்டோரியா மகாராணி காலத்துத் துரைமார் வண்டும் நத்தையும் தபாலில் அனுப்பிச் சிநேகிதம் வளர்த்தவை எண்டு நீ சொன்னாயல்லோ? "மாமா, அந்தக் கடிதங்களில விஞ்ஞானம் நாலு வரி, மிச்சமெல்லாம் சுகம் விசாரிப்பு" எண்டும் சொன்னாய். அன்று முதல் நானும் பியர்ஃபித்தில் இருக்கிற எமிலும் அதையே தொடங்கினோம். எமில் புதுச்சேரிக்காரர், தபால்கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஸ்டேசன் தூரம்தான். ஆனாலும் துரைமார் ரயிலேறிப் போய்க் கதைப்பினமோ? தபால்தான்!

போன மாதம் நான் வேலை செய்யிற மரக்கறிக் கடையில் பாகற்காய்ப் பெட்டிக்குள் ஒரு நத்தை. மெத்ரோ வண்டியளவு! கொம்பு ரெண்டும் கூரையில் முட்டிச்சுது. பிஸ்கட் தகரத்துக்குள் மடக்கி எமிலுக்கு அனுப்பினேன், தூக்கின தபால்காரர் நாலு பேரும் அழுதவையாம். "புதிய இனம், பெயர் குலசேகர நத்தை" எண்டு தெருவெல்லாம் அறிவிச்சும் போட்டன். எமில் பதில் எழுதினார்: "மெசியே, இது சாதாரண நத்தை. மழை பெஞ்சா என் பால்கனிக்கு இப்படி ஆறு நத்தை வரும்." முதலாளி கஜன் அதைக் கடையில் உரக்க வாசிக்க, சனம் சிரிக்க, எனக்கு வந்ததே கோபம்! "உமக்கு முத்திரை குத்த மட்டும்தான் தெரியும்" எண்டு எழுதிப் போட்டிட்டன்.

மூன்று கிழமையாய் அவரிட்டை இருந்து ஒரு எறும்புகூட வரவில்லை. நாளுக்கு ஒன்பது தரம் தபால்பெட்டியைத் திறக்கிறன். "கட்டிலையும் அங்கையே கொண்டுபோய்ப் போடுங்கோவன்" எண்டு மாமி பேசுறா. அந்தத் துரைமார் சண்டை பிடிச்சால் பிறகு எப்படிச் சேர்ந்தவை? அவை சமாதானமான ஒரு கடிதத்தைப் பார்த்தெழுதி உடனே அனுப்பு.

உன் ஆராய்ச்சி தடிக்கவும் மூக்குக்கண்ணாடி தடிக்காதிருக்கவும் வாழ்த்தும்,
மாமன் குலசேகரம்

பி.கு.: ஒன்றும் அனுப்ப வேண்டாம். இதைத் தபாலில் போடக் கீழே இறங்கினால், பெட்டிக்குள் ஒரு நெருப்புப்பெட்டி. உள்ளே பஞ்சில் ஒரு பொறிவண்டு, எமிலின் கையெழுத்தில் ஒரு துண்டு: "பெயர்: குலசேகரப் பொறிவண்டு. இனம்: சாதாரணம். முழங்கால் எப்படி இருக்கு?"

துரைத்தனத்தை விட்டிட்டு நான் ரயிலேறுறன். மெத்ரோ வண்டி, அழுத தபால்காரர் எல்லாம் பொய். நத்தை நகத்தளவு. கோபமும் பொய், பிள்ளை, அது வெட்கம். ஆனால் முழங்கால் உண்மையாய் நோகுது.