பத்தாயிரம் மணி நேர மாப்பிள்ளை

பத்தாயிரம் மணி நேரத்தில் நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு மணி நேரம் முடிந்திருந்தது. பணம் முழுவதுமே முடிந்திருந்தது.

"பாதி கிணறு தாண்டிட்டேன்," என்றான் அவன்.

"பாதி கூட ஆகல," என்றாள் மனைவி. மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு செருப்பைக் காணாமல் தேடிக்கொண்டிருந்தாள். "மிச்சத்துக்கு யாரு படியளக்கிறது?"

அவன் பதினோரு வருடம் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவன். எந்த வித்தையையும் பத்தாயிரம் மணி நேரம் பழகினால் கைவந்துவிடும் என்று ஒருநாள் எங்கோ படித்தான். யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அது மனதில் உறைத்தது. கோல்ஃப் என்று முடிவு செய்தான். அதில் ஓட வேண்டியதில்லை, யாரும் மேலே வந்து மோதுவதில்லை, முப்பத்தெட்டு வயதில் தொடங்கினாலும் யாரும் சிரிப்பதில்லை. மற்றவர்கள் சிரிக்கவில்லை என்பது உண்மைதான். மனைவி சிரித்தாள். பிறகு, "சரி, பாருங்க," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுக்கு ஒரு கோப்பையாவது ஜெயித்துக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது.

வேலையை விட்டதும் முதலில் காரை விற்றான். அதனால் மட்டைப் பையோடு பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. பை இடித்து ஒருவர் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அதை மனைவி வேலை பார்க்கும் கடையிலேயே இலவசமாகச் செய்து கொடுத்தார்கள். அவள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து கோச்சை நிறுத்தினான். கோச் போகும்போது ஒரு பயிற்சி சொல்லிவிட்டுப் போனார். நூறு பந்து அடித்ததும் பெஞ்சில் படுத்து, கண்ணில் ஈரத்துணி போட்டுக்கொண்டு, கால் மணி நேரம் மனதுக்குள் அதே நூறு பந்தையும் மறுபடி அடிக்க வேண்டும்.

"அதுக்குக் காசு கிடையாது," என்றார் கோச். "அதனாலதான் சொல்றேன்."

பிறகு மைதான வாடகை பாக்கி விழுந்தது. அப்போதுதான் மாமியார் வந்தார். மருத்துவமனை ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம் பஞ்சும் ஊசியும் எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவர்.

"வாடகையை என் பென்ஷன்ல கட்டுறேன், மாப்பிள்ளை. ஆனா நானும் கூட வருவேன். என் காசு எங்க போகுதுன்னு என் கண்ணால பார்க்கணும்."

"எதுக்கு அத்தை சிரமம்?"

"சிரமம் எல்லாம் எனக்கு. உங்களுக்கென்ன?"

மடக்கு நாற்காலியும் குடையுமாக வந்தார். பந்து பொறுக்கும் ஆளுக்குத் தனிக் கூலி என்று தெரிந்ததும் அந்த ஆளை அன்றே அனுப்பிவிட்டு, மைதானத்தின் அந்தக் கோடியில் நாற்காலியைப் போட்டார். புல்லுக்குள் கிளறிப் பார்க்க, பிடி கிழிந்த பழைய மட்டை ஒன்றை அவன் கொடுத்தான்.

ஏற்பாடு நன்றாகவே நடந்தது. நூறு பந்து அடிப்பான், படுப்பான், எழுந்து பார்த்தால் கூடையைச் சுற்றிப் பந்துகள் கிடக்கும். மாமியாரோ பழையபடி அந்தக் கோடியில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு தூரம் வந்து கொட்டிவிட்டுத் திரும்ப, இந்த வயதில் என்ன நடை என்று வியப்பான். மனப்பயிற்சியும் முன்னேறியது. துணிக்கு அடியில் கண்ணை மூடியிருக்கும்போது, பந்துகள் ஒவ்வொன்றாகப் புல்லில் விழும் சத்தம்கூட இப்போது காதில் கேட்டது.

மாமியார்தான் நாளுக்கு நாள் கடுமையானார்.

"நாலு மணி நேரம் பத்துமா மாப்பிள்ளை? ஆறாக்குங்க."

மழை பெய்த அன்று அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். வாசலில் மழைக்கோட்டோடு அவர் நின்றார்.

"மழைன்னா பந்துதான் நனையும். மாப்பிள்ளையா கரைஞ்சிடுவாரு?"

சாப்பிடும்போது மனைவியிடம் முறையிட்டான். "உங்கம்மா கடன் கொடுத்தவங்க மாதிரி கழுத்தைப் பிடிக்கிறாங்க."

"உங்க மேல அக்கறை. ரெண்டு மாசமா இடுப்பு வலித் தைலத்தைக் கூடத் தொடல தெரியுமா?"

"என் கவலையில வலி மறந்துபோச்சு போல," என்றான். கொஞ்சம் நெகிழ்ந்தும் போனான்.

பென்ஷனும் மாதக் கடைசிக்குள் மூச்சு வாங்கியது. மனைவி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். இந்த மாதத்துக்குள் வழி பிறக்கவில்லையென்றால் மறுபடி பல்செட். முதலாளியும் சொல்லி அனுப்பியிருந்தார்: "உன் ஸ்டூல் காலியாத்தான் இருக்கு."

அந்த வாரம்தான் மைதானப் பலகையில் அறிவிப்பு வந்தது. விளையாட்டுச் சங்கம் ஒரே ஒருவரைத் தத்தெடுக்கும். இரண்டு வருடத்துக்கு வாடகை, பந்து, கோச், மாதச் சம்பளம் எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. வயது வரம்பு இல்லை. ஆளைத் தேர்வு செய்யச் சங்கத்தின் பார்வையாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்.

அவனுக்குத் தூக்கம் போயிற்று. சங்கத்து ஆள் வரும்போது மாமியார் குடையோடு உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்?

"அத்தை, இந்த வாரம் வீட்டுல ரெஸ்ட் எடுங்களேன்."

"யாருக்கு ரெஸ்ட் வேணும்?" என்றார் மாமியார். அந்தக் குரலுக்கு மேல் பேச முடியவில்லை. வெயிலைக் காரணம் காட்டி, அவரை வேலிச்செடிக்குப் பின்னால் உட்கார வைத்தான்.

திங்கட்கிழமை தொப்பியும் தொலைநோக்கியுமாக ஒருவர் வந்து நின்றார். பார்வையாளர் வந்துவிட்டார். அவன் கரன்ட் பில் பணத்தில் வெள்ளைக் கால்சட்டை வாங்கினான். அதில் குனிந்தபோது பின்பக்கத் தையல் விட்டது. அதற்குப் பிறகு அவரைப் பார்த்தபடியே மட்டும் நின்றான்.

"அந்தச் செடிக்குப் பின்னால ஏதோ அசையுதே?" என்றார் தொலைநோக்கிக்காரர்.

"அது பராமரிப்பு வேலை, சார்."

உடனே ஓடிப்போய் மாமியாரை மைதானக் கோடியில் ஓடும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போகச் சொன்னான்.

"அவ்வளவு தூரமா?" மாமியார் திரும்பி நின்று தூரத்தைக் கண்ணால் அளந்தார். "சரி, முயற்சி பண்றேன். அந்த நீள மட்டையைக் கொடுங்க. அங்க புல் உயரமா இருக்கு."

கொடுத்தான். இருந்ததிலேயே நல்ல மட்டை அது. பார்வையாளர் முன்னால் அது இல்லாமலே ஆடினான். பந்துகள் பக்கத்து நிலத்துக்குப் போயின.

போதாததற்கு அவன் பெஞ்சில் நீல மழைக்கோட்டுப் பெண் ஒருத்தி தினமும் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் எழுந்திருக்கீங்களா? நான் படுக்கணும்."

அவள் எழுந்து ஓரமாக நிற்பாள். அவன் துணியைக் கண்ணில் போட்டுக்கொள்வான். கையோடு கையாக, "அந்தத் துண்டைக் கொஞ்சம் பிடிங்க," என்றும் சொல்லியிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை, நாலாவது காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத் தொலைநோக்கிக்காரர் பெருமூச்சு விட்டார்.

"நான் நாரை பார்க்க வந்தவன் தம்பி. நீங்க அடிக்கிற அடியில ஒண்ணும் இறங்க மாட்டேங்குது."

சனிக்கிழமை அவன் மட்டைகளைத் துடைத்துப் பையில் வைத்தான். ஸ்டூல் கண்முன் வந்து நின்றது. மனைவிக்குக் கோப்பை இல்லை. மாமியாரின் பென்ஷனுக்குப் பதில் சொல்ல முகமும் இல்லை. அப்போது நீல மழைக்கோட்டுப் பெண் பக்கத்தில் வந்தாள். கையில் சங்கத்தின் முத்திரை போட்ட உறை இருந்தது.

அவன் அவசரமாகப் பெஞ்சைத் துடைத்துவிட்டான். "மேடம், நீங்களா? உங்களைப் போய் எழுப்பி விட்டேனே. துண்டு வேற…"

"பரவாயில்ல சார். நீங்க படுத்திருந்தப்பதான் எனக்கு நல்லாப் பார்க்க முடிஞ்சுது."

"முடிவு ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சு. இந்த மைதானத்துலேருந்துதான் எடுத்திருக்கோம். ரெண்டு வருஷம்."

அவன் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கோடியில் ஒரு புள்ளியாகத் தெரிந்த குடையை நோக்கி இரண்டு கையையும் ஆட்டினான். பிறகு பேனாவை எடுத்தான்.

"எங்க கையெழுத்து போடணும்?"

"நீங்க இல்ல சார்," என்றாள் அவள். "நீங்க கண்ணை மூடிப் படுத்ததும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து நூறு பந்தையும் உங்க கூடைகிட்டயே அடிச்சு அனுப்புறாங்களே, அந்த அம்மாவைத்தான் எடுத்திருக்கோம். பந்து பொறுக்கறதுக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆள் தர்றோம்னோம். வெளியாளு வேண்டாம், அந்த வேலையை எங்க மாப்பிள்ளைக்கே கொடுங்கன்னுட்டாங்க."